பிள்ளையார்பாளையத்தில் வடக்கைக் காணோம்

பிள்ளையார்பாளையத்தில் வடக்கு காணாமல் போய்ப் பதினொரு நாளாகியிருந்தது. அதைக் கண்டுபிடித்துத் தரக் காரில் வந்து இறங்கியிருந்தார் 'காந்த வாஸ்துச் செம்மல்' பழனி. கையில் தோசைத்திருப்பி நீளச் சங்கிலியில் ஒரு பித்தளைக் காம்பஸ். கழுத்தில் ஆறு மாலை. யூடியூபில் இரண்டு லட்சம் பேர்.

"பூமியோட காந்த வடக்கு நகர்ந்துக்கினே இருக்குது! நான் சொல்லலபா, விஞ்ஞானி சொல்றான்!" என்பார். அது உண்மைதான். பொய் வண்டியை இழுக்க முன்னால் ஓர் உண்மையைப் பூட்டுவது அவருடைய தொழில் நுணுக்கம்.

நெசவாளர் வீடுகளில் தறி மேல் காம்பஸை வைப்பார். முள் கோணலாக நிற்கும். வீட்டார் கையைக் கூப்புவார்கள். பரிகாரம்? தறியைப் பிடுங்கி, முள் காட்டும் கோணத்துக்குத் திருப்பி நட வேண்டும். ஆளும் அவரே அனுப்புவார். பூமி நகர்ந்ததற்கு நெசவாளி கூலி கொடுக்க வேண்டும்!

உதயகுமாரும் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார். பத்து நாளாக அவர் தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. அதுவும் ஒரே இடத்தில். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சைக் காட்டி, "அதுல பல்லு எதுனா வளைஞ்சிருக்கா பாருங்க" என்று மனைவி இந்திராணி மூன்று முறை சொல்லிவிட்டாள். அச்சைப் பார்க்க அரை மணி நேரமாகுமாம், அவருக்கு நேரமில்லை. டோக்கனுக்கு நாலு மணி நேரம் நின்றார்.

பழனி வந்தார். காம்பஸை வைத்தார். கண்ணை மூடினார்.

"இருபத்திரண்டு டிகிரி!"

வாசலில் எண் எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டப்பட்டது. "நாளைக்குக் காலைல ஆளுங்களோட வர்றேன். பாவை அறுத்து வெச்சிடுபா."

தறியில் இருந்தது பாதி நெய்த சந்தன நிறக் கல்யாணப் புடவை. பாவை அறுத்தால் அது பாதியோடு போச்சு. கல்யாணமோ அடுத்த வாரம். இருந்தும் உதயகுமார் கத்திரிக்கோலைத் தேடினார். இந்திராணி அதை ஒளித்துவைத்துவிட்டு, யாருக்கோ போன் போட்டாள்.

காலையில் கடப்பாரைகள் வந்து சேர்ந்தன. பின்னாலேயே ஸ்கூட்டியில் மணப்பெண்ணும் வந்து இறங்கினாள். பெயர் மேரி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் கையில் மேப்பும் காம்பஸும் கொடுத்து, திருமுக்கூடல் ஆற்று மணலில் வழி கண்டுபிடிக்கப் பழக்குகிறவள்.

"இன்னாண்ணா, என் புடவைய அறுக்கப் போறீங்களாமே?"

"வடக்கு நகர்ந்துடுச்சு டீச்சர்" என்றார் உதயகுமார், தானே தள்ளிவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

"நகரட்டுமே! மேப்புல இருக்கிற வடக்கு வேற, முள்ளு காட்டுற வடக்கு வேற. நம்ம ஊர்ல வித்தியாசம் ரெண்டு டிகிரிகூட இல்ல. கண்டுக்காம ஒரு கிலோமீட்டர் நடந்தா முப்பது மீட்டர் தள்ளிப் போய் நிப்போம். அதனால அந்த ரெண்டு டிகிரிய கணக்குல சரி பண்ணிக்கினு நடப்போம். ஊரைப் பிடுங்கித் திருப்பி நடமாட்டோம்ணா!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பழனி முறைத்தார்.

மேரி தெருவைக் காட்டினாள். "எல்லாம் ஒரே வரிசை வீடு. சீட்டைப் பாருங்க. இங்க இருபத்திரண்டு, பக்கத்துல ஒம்போது, அதுக்கு அடுத்தது முப்பத்தொண்ணு. வடக்கு நகர்ந்தா தெருவுக்கே ஒரே அளவுதானே? வீட்டுக்கு வீடு டோர் டெலிவரியா?"

"அது அவங்கவங்க தோஷத்துக்கு ஏத்த மாதிரிமா."

"அப்போ தோஷத்தையே அளந்துடலாம். உங்க காம்பஸைக் குடுங்க ஐயா."

நடுத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அதன் மேல் காம்பஸ். முள் சமத்தாக நின்றது. "தெருவுல தோஷமில்ல" என்று பழனி முந்திக்கொண்டார்.

மேரி இந்திராணியின் காதில் ஏதோ சொன்னாள். இந்திராணி உள்ளே போய், இறுக முடிந்த துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். முள் சர்ரென்று திரும்பியது.

"பார்த்தீங்களா!" பழனி துள்ளினார். "இருபத்தஞ்சு டிகிரி! உள்ள இருக்கிறது பொல்லாத வஸ்து. ஏழு தலைமுறை தோஷம்!"

மேரி பையைத் தூக்கி மறுபக்கம் வைத்தாள். முள்ளும் மறுபக்கம் போனது.

"ஏழு தலைமுறையும் இடம் மாறிடுச்சே ஐயா!"

இந்திராணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தவை, தறியின் சரடுகள் தொய்யாமல் இருக்க அவற்றின் நுனியில் தொங்கவிடும் இரும்புக் கம்பிகள். வீட்டில் உபரியாகக் கிடந்தவை.

"இரும்பு கிட்ட இருந்தா முள்ளு திரும்பும். எந்தத் தறியில இரும்பு கிட்டத்துல இருக்குதோ, அந்த வீட்டுக்கு டிகிரி ஜாஸ்தி. அவ்ளோதாண்ணா தோஷம்!"

அப்புறம் தெரு சும்மா இருக்குமா? ஒருத்தி அரிவாள்மணையோடு வந்தாள். ஒருவர் சுத்தியலை நீட்டினார். கடப்பாரை ஆட்களே கடப்பாரையைக் காட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வடக்கு ஒரு கும்பிடு போட்டது. சிரிப்பு அடங்கிப் பார்த்தபோது செம்மலைக் காணோம், காரையும் காணோம். ஊரை விட்டுப் போகும் வழி எந்தத் திசை என்று அவருக்கு மட்டும் காம்பஸ் இல்லாமலே தெரிந்திருந்தது. அது பாவம், ஸ்டூல் மேலேயே கிடந்தது.

உதயகுமார் உள்ளே போய் அச்சைப் பார்த்தார். ஒரு பல் வளைந்திருந்தது. நிமிர்த்தினார். அன்று பொழுது சாயும்வரை ஓர் இழைகூட அறுபடவில்லை.

"மூணு தடவை சொன்னேன்" என்றாள் இந்திராணி.

"நீ டோக்கன் போட்டுச் சொல்லியிருக்கணும்மா" என்றார் அவர்.

இரும்பு இழுத்த பக்கமெல்லாம் முள் போகிறது என்றால், அதற்கு மூளை இல்லை, மன்னித்துவிடலாம். வரிசையில் நின்ற நம்மை என்ன சொல்லி மன்னிப்பது?