மணி காட்டாத பட்டை

மணி காட்டாத ஒரு பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு கடிகாரக் கடையில் உட்கார்ந்திருப்பது வாட்ச்காரருக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. முதுகு வலிக்கிறது என்று சொன்ன பாவத்துக்கு மகள் அவரை டாக்டரிடம் இழுத்துப் போக, அங்கிருந்த நர்ஸ் இடது மணிக்கட்டில் மாட்டிவிட்டது அது.

"நடக்கறது, உட்கார்றது, கை வீசறது எல்லாத்தையும் இது கவனிச்சு எங்களுக்கு அனுப்பும். வியாதி ஏதாவது எட்டிப் பார்த்தா முன்கூட்டியே தெரிஞ்சுடும். கழட்டாதீங்கய்யா."

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பட்டையைப் பார்த்து மணி கேட்டார்கள். அவர் சுவரைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார். மத்தியானத்துக்குள் பொறுமை போய்விட்டது. பட்டையைக் கழற்றி, பழுதுக்கு வந்திருந்த பெரிய சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலத்தில் கட்டினார். அசைவுதானே வேண்டும், நன்றாகவே அசைந்தது.

மறுநாள் நர்ஸ் போன் செய்தாள்.

"ஐயா, நேத்து மத்தியானத்துலேர்ந்து நீங்க கை வீசறதை நிறுத்தவே இல்லையே. தூங்கும்போதுமா?"

"அது வந்து... பழக்கமாயிடுச்சும்மா."

"டாக்டர் பயந்துட்டார்யா."

இதற்கு உயிருள்ள ஆள்தான் சரிப்படும் என்று அவர் சமையலறைக்குப் போனார். மனைவி ஒரு நிமிஷம் உட்காரமாட்டாள். எனக்கென்ன கேடு என்று ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவள்.

"இதை நீ கட்டிக்கோ. நான் உட்கார்ந்தே இருக்கேன்னு தெரிஞ்சா அந்த டாக்டர் என்னை ஓட விட்டுடுவார்."

"உங்க பல்லையும் நானே வெளக்கிவிடணுமா?" என்று முணுமுணுத்தபடியே இடது கையை நீட்டினாள்.

இரண்டு வாரம் நிம்மதியாகப் போனது. பிறகு டாக்டர் கூப்பிட்டார். துணைக்கு மனைவியும் வந்தாள்.

"நடக்கும்போது இடது கை சரியா வீசலை. காலும் லேசா இழுக்குது. நரம்பு வியாதியோட ஆரம்பமா இருக்கலாம். இன்னும் கொஞ்சம் பார்க்கணும். இப்பவே மருந்து ஆரம்பிச்சா நல்லபடியா சமாளிக்கலாம்" என்றார் டாக்டர்.

மனைவியின் முகம் சுண்டிப்போனது. "மாத்திரையெல்லாம் நான் மறக்காம எடுத்துக் குடுத்துடறேன் டாக்டர். இவருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

வாட்ச்காரர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். மடியில் சும்மா கிடந்தது. கொஞ்ச நாளாக அவள் பாட்டில் மூடி திறக்கத் தன்னைக் கூப்பிட்டதும், தான் சலித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. வாயைத் திறக்காவிட்டால் மானம் தப்பும். ஆனால் அவளுக்கான மருந்து இவர் வயிற்றுக்குள் போகும்.

"டாக்டர், தப்பு பண்ணிட்டேன். அது என் கை இல்லை. இவ கை."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"தெரியும்யா, சோதனையே அம்மாவுக்குத்தான். அவங்க கையில கட்டினா கழட்டி எறிஞ்சுடுவாங்க, அப்பா கையில கட்டிவிடுங்க, ரெண்டே நாள்ல தானா அம்மா கைக்குப் போயிடும்னு உங்க பொண்ணுதான் சொன்னாங்க."