பலகையில் பிழையில்லை

பிழையே இல்லாமல் அச்சாகும் பத்திரிகை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் தெருவிலிருந்து வெளிவருகிறது. பெயர் ‘பழந்தெரு மடல்’. பழந்தெரு பாதுகாப்புச் சங்கம் மாதந்தோறும் அதை அச்சிட்டு, கதவிடுக்கு வழியாக வீட்டுக்கு வீடு தள்ளிவிட்டுப் போகிறது.

எங்கள் தெரு மிகவும் பழையது. எவ்வளவு பழையது என்பது மடல் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதுவரை ஒழுகும் கூரை என்று நினைத்திருந்தது ‘மரபுக் கட்டடக்கலை’ என்றும், சுவர் விரிசல் ‘வரலாற்றின் கையெழுத்து’ என்றும் புரிந்துகொண்டோம். தெருமுனைக் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டபோது, மடல் அதை ‘இம்மாத நிகழ்ச்சிகள்’ பகுதியில் சேர்த்தது: ‘அதிகாலை நீரூற்று, அனுமதி இலவசம்.’ வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் வாளியோடு குறுக்கே போய்ப் படத்தைக் கெடுத்துவிட்டதாக அடுத்த மடலில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

சங்கத்து நிர்வாகிகளில் ஒருவர்கூட எங்கள் தெருவில் குடியில்லை. எல்லோரும் லிஃப்ட் வைத்த புதுக் கட்டடங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அன்புக்கு அதுவே சாட்சி. உள்ளேயே கிடப்பவன் எவன் இந்தத் தெருவை நேசிப்பான்?

இப்பேர்ப்பட்ட சங்கம், தெருவின் பெருமைக்குரியவர்கள் வீடுகளில் நீலப் பலகை மாட்டத் தொடங்கியது. ‘இங்கே நீதிபதி வாழ்ந்தார்.’ ‘இங்கே கவிஞர் வாழ்ந்தார்.’ எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பெரிய மனிதர்களுக்கே போகிறதே, எளிய மக்களுக்கும் ஒன்று வேண்டாமா என்று யாரோ கேட்டிருக்கிறார். உடனே என் மாமாவின் கடை வாசலுக்கு மேல் ஒன்று ஏறியது:

‘இங்கே முடிதிருத்துபவர் வாழ்ந்தார்.’

மாமா அப்போது உள்ளே ஒருவருக்குக் காதோரம் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

முன்னால் கடை, பின்னால் வீடு. அத்தை வெளியே வந்து பலகையைப் படித்தார். “அப்போ இத்தனை நாளா நான் யாரோடதான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பலகை தன் வேலையைத் தொடங்கியது. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வாசலோடு நின்று எட்டிப் பார்த்தார்.

“உள்ள இருக்கிறது யாரு, தம்பியா?”

“நான்தாங்க. வாங்க, உக்காருங்க.”

“அடடா, அண்ணன் சாயல் அப்படியே இருக்குப்பா. நல்ல மனுஷன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார். துக்கத்திலும் அவருக்கு முடி வெட்ட வேண்டியிருந்தது.

கடையில் நாற்காலி காலியாகவே கிடந்தது. கூட்டுவதற்கு மயிரில்லாமல் நானும் துடைப்பத்தோடு சும்மா நின்றேன். கடைசியில் மாமா சங்க அலுவலகத்துக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

“அம்மா, பலகையில ஒரு சின்னத் தப்பு” என்றார் மாமா.

“தப்பா? எங்க பலகையிலயா?” என்றார் செயலாளர் அம்மா.

“வாழ்ந்தார்னு போட்டிருக்கு. நான் இருக்கேனே.”

செயலாளர் அம்மா மாமாவைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த பலகையின் படத்தையும் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை.

“மரியாதையாத்தானே போட்டிருக்கோம்? வாழ்ந்தான்னா போட்டோம்?”

“மரியாதையை வேணும்னா குறைச்சுக்கங்கம்மா. நிகழ்காலம் குடுத்தாப் போதும்.”

“வாழ்கிறார்னு போட்டா அது நினைவுப் பலகை இல்லைங்க. விலாசம்.”

“ஊர்ல உள்ள தலையெல்லாம் திருத்துறேன். எனக்காக ஒரு சொல்லைத் திருத்தக் கூடாதா?”

பக்கத்து மேஜையிலிருந்த சங்கத் தலைவர் கனிவோடு குறுக்கிட்டார். “உங்க ஒருத்தருக்காக இலக்கணத்தை மாத்த முடியுமா? கொஞ்சம் பொறுங்க. காலப்போக்கில எல்லாம் சரியாயிடும்.”

அடுத்த மடலில் ‘திருத்தம்’ என்ற பகுதி வந்தது. மாமா ஆவலாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்: ‘முடிதிருத்துபவர் பலகை மறுபடி ஆராயப்பட்டது. பிழையில்லை.’ பக்கத்திலேயே கட்டம் கட்டி, ‘அன்னார் உதிர்த்த பொன்மொழி’ என்று, தலையைத் திருத்துவது பற்றி மாமா சொன்னதைப் போட்டிருந்தார்கள்.

சில நாளில் வீட்டுக்காரர் காரில் வந்து இறங்கினார். பலகையை அண்ணாந்து பார்த்துப் பூரித்தார்.

“வீட்டுக்கே ஒரு களை வந்துட்டுதுங்க! சங்கத்துக்காரங்க நினைவகம் வைக்க இடம் கேட்டாங்க. யாருக்குன்னேன். உங்களுக்குத்தானாம்! வீட்டை அவங்களுக்கே முடிச்சுக் குடுத்துட்டேன். சீக்கிரம் காலி பண்ணிடுங்க.”

“என் நினைவகத்துக்கு நான் எதுக்குங்க காலி பண்ணணும்?”

“நீங்க உள்ள இருந்தா எப்படிங்க நினைவு வரும்?”

இந்த நியாயத்துக்குப் பதில் அத்தையிடம் இருந்தது. அதை எழுத முடியாது.

காலி செய்யும் நாளில் செயலாளர் அம்மா நேரில் வந்து, கண்ணாடியையும் கத்தரியையும் சுழல் நாற்காலியையும் தொடக் கூடாது என்றார். அவை பாரம்பரியம்.

“நாற்காலி என்னோடதுங்க” என்றார் மாமா.

“உங்களோடதா இல்லாட்டி அது எங்களுக்கு எதுக்குங்க?”

ஆக, அந்த வீட்டில் பாரம்பரியம் இல்லாதவை மூன்று மட்டும் வெளியேறின: மாமா, அத்தை, நான்.

கத்தரியும் நாற்காலியும் இல்லாதவனை யார் தலை தேடி வரும்? ஊர்க்கோடியில் ஓர் அறை கிடைத்தது. மாமாவுக்கு வேலையும் கிடைத்தது. தலைவர் குடியிருக்கும் கட்டடத்தில் வாசல் காவல். தலைவரின் கார் வரும்போது எழுந்து கேட்டைத் திறக்க வேண்டும். தலைவருக்கு முகம் நினைவில்லை. நாகரிகமானவர், ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

நினைவகத் திறப்பு விழாவுக்கு மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். “தள்ளி நில்லுங்க” என்றான் அங்கிருந்த காவலாளி. தொழில் தர்மம் தெரிந்த மாமா தள்ளி நின்றார். தலைவர் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார்: “எத்தனை தலைகளைத் தொட்ட கைகள்! அந்த எளிய மனிதர் இன்று நம்மிடையே இல்லை.” எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். மாமாவும் நின்றார்.

வெளியே வந்ததும் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “சரியாத்தான் போட்டிருக்காங்க” என்றார் என்னிடம். அப்புறம் ஊர்க்கோடி பஸ்ஸில் ஏறிக்கொண்டோம்.

அந்த மாத மடலில் ‘திருத்தம்’ பகுதியே இல்லை. எதற்கு? பலகைக்குக் கீழே உயிரோடு நின்றுகொண்டிருந்த ஒரே பிழையையும் சங்கம் திருத்திவிட்டதே.