கலங்கரை விளக்கத்தைக் காணோம்

அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை என்று ரெக்ஸ் முடிவு செய்துவிட்டான். தலை பாதி நரைத்த மனிதன், யோசித்து எடுத்த முடிவு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் அதில் உறுதியாகவே இருந்தான்.

பெட்டி பீரோவுக்கு மேலே இருந்தது. அவன் மனைவி ஈவாஞ்சலின் கூரியரில் வரவழைத்தது. அவளுடைய அண்ணன் மரியானின் மகனுக்கு வருகிற ஞாயிறு பெரியதாழையில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. அதற்கான பரிசு. உள்ளே ஒன்றோடொன்று பொருத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள். கூடவே டைவர் பிப்போ என்று கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மை. பிப்போவின் உள்ளங்காலில் ஏதோ கண் வைத்திருக்கிறார்கள். நீலக் கட்டையில் நிறுத்தினால் 'குளுக் குளுக்' என்று நீந்துவான். சிவப்பில் நிறுத்தினால் 'ஆ!' என்று அலறுவான். சிப்பியை மிதித்தால் 'டிங்', ஒரு முத்து. முத்துகளை அள்ளிக்கொண்டு, எட்டுக்கால் பேய்க்கணவாயைத் தாண்டி, கலங்கரை விளக்கத்தில் கால் வைத்தால் மேளதாளத்தோடு ஆட்டம் முடியும்.

இதையெல்லாம் ரெக்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிப்போ பொம்மையாவதற்கு முன்னால் வீடியோ கேமில் இருந்தவன். பள்ளிக்கூடக் காலத்தில் தெருமுனைக் கேம் கடையில் ரெக்ஸ் இழக்காத உயிர் இல்லை. ஒவ்வொரு தடவையும் பேய்க்கணவாயிடம் சிக்கித்தான் செத்தான். கலங்கரை விளக்கத்தை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பிறகு கடையை மூடிவிட்டார்கள். ரெக்ஸுக்கு ஹார்பரில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மகள் பிறந்து வளர்ந்து ஹாஸ்டலுக்கும் போய்விட்டாள். பேய்க்கணவாய் மட்டும் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது.

ஹார்பரில் அவன் பார்க்கிற வேலையே பெட்டி வேலைதான். கன்டெய்னரில் வந்த பெட்டிகளை அதிகாரிகள் திறந்து பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் மறுபடி டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, வெளியே அனுப்புவது ரெக்ஸ். பிரித்த பெட்டியைப் பிரிக்காத பெட்டி மாதிரி ஒட்டுவதில் தன்னை மிஞ்ச இந்தக் கரையில் ஆளில்லை என்பது அவன் எண்ணம். இந்த வாரம் அவனுக்கு லீவு. ஈவா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருவதற்குள் திறந்து, ஒரே ஒரு ஆட்டம் ஆடி, ஒட்டி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

கட்டிலின் மேல் கட்டைகளைப் பரப்பிக் கட்டி முடிக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. பிப்போ நீந்தினான், முத்தெடுத்தான், பேய்க்கணவாய்க்கு முன்னால் போய் நின்றான். சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் ஈவாவின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. ரெக்ஸ் கட்டைகளை அள்ளிப் பெட்டியில் கொட்டினான். மிச்சத்தைப் பழகின கை பார்த்துக்கொண்டது. கதவைத் திறந்தபோது அவன் முகத்தில் ஒரு பாவமும் இல்லை.

சாயங்காலம் இருவரும் ஜெபமாலைக்கு முட்டி போட்டார்கள். பாதி ஜெபத்தில் பீரோவுக்கு மேலேயிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். படுக்கப் போட்டால் பிப்போ குறட்டை விடுவான் என்பது ரெக்ஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்ன சத்தம் அது?"

"பல்லி."

"பல்லி கொறட்டையா விடும்?"

"வயசான பல்லியா இருக்கும்."

ஈவா ஜெபத்தைத் தொடர்ந்தாள். ரெக்ஸ் பதில் ஜெபத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

மறுநாள் மதியம் ஆசையோடு பெட்டியைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் இருந்தது. கலங்கரை விளக்கத்தைக் காணோம்.

நேற்று அவசரத்தில் எங்கேயோ தெறித்து விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பெட்டியைப் பிரிப்பார்கள். மச்சான் மரியான் படகுக்காரன், வலையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். 'மாமா திருடி விளையாடிட்டுக் குடுத்த பரிசு' என்று பெயராகிவிட்டால் அப்புறம் பெரியதாழைப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஈவாவிடம் கேட்கலாமென்றால், திறந்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரெக்ஸ் பெட்டியை மறுபடி ஒட்டி வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தான்.

ஈவா வந்தபோது கட்டிலுக்கடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஏங்க, அங்கன என்ன செய்யுதிய?"

"கூட்டுதேன்."

"நீங்களா?"

"ஏன், நான் கூட்டப்படாதா? நீயும் வேலைக்கிப் போயிட்டு வந்து எம்புட்டுதான் செய்வ?"

ஈவா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அழுகிறாள் என்று ரெக்ஸ் நினைத்தான். பாவம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கூட்டுங்கள், பரணை ஒழியுங்கள், தண்ணித் தொட்டியைக் கழுவுங்கள் என்று போன கிறிஸ்துமஸிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். 'அடுத்த ஞாயிறு பாப்போம்' என்பதுதான் அவன் பதில்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நேத்து ஃப்ரிட்ஜுக்குப் பொறத்தால என்னமோ சின்னதா உருண்டு போச்சுங்க. என்னன்னு நான் பாக்கல."

ரெக்ஸ் ஃப்ரிட்ஜை நகர்த்தினான். மகள் ஆறாம் வகுப்பில் தொலைத்த காம்பஸ் கிடைத்தது. நகர்த்தின இடத்தைத் துடைக்காமல் விட முடியுமா? துடைத்தான்.

அடுத்த நாள் காலையில் காப்பி குடிக்கும்போது, "பரண்ல என்னமோ டொக்குன்னு விழுந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். அன்று பரண் மொத்தமும் கீழே இறங்கியது. அண்டா, குண்டான், கிறிஸ்துமஸ் குடிலின் காலொடிந்த ஒட்டகம், எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி முற்றத்தில் காய வைத்தான். பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"எக்கா, அண்ணாச்சி தங்கம்லா! எங்க வீட்டு மனுசனும் இருக்காவளே, குடிச்ச தம்ளரக்கூட எடுத்து வைக்க மாட்டாவ."

"அவுக மனசு யாருக்கு வரும்?" என்றாள் ஈவா.

அன்று மாலையே அந்த வீட்டுக்காரர் வாசல் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ரெக்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அரிசி டிரம்மைக் கொட்டிப் புடைத்தாயிற்று. மெத்தையைத் தட்டி வெயிலில் போட்டாயிற்று. சனிக்கிழமை மதியம் வீடு கோயில் மாதிரி இருந்தது. ரெக்ஸ் உடைந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஈவா, ஒண்ணு சொல்லணும். கோவப்படப்படாது."

"சொல்லுங்க."

"அந்தப் பெட்டிய நான் தொறந்துட்டேன்."

"அப்படியா!"

"அதுல ஒரு சாமானக் காங்கல. வீடு பூரா தேடிட்டேன். நாளைக்கி ஒங்கண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

ஈவா தன் கைப்பையைத் திறந்தாள். கலங்கரை விளக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஏளா! ஒட்டுன டேப்பு ஒட்டுனபடிதான இருந்துச்சு?"

"பெட்டிக்கு அடிப்பக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

"நான் தொறந்தது ஒனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கொறட்டையா?"

"கொறட்டை பொறவுதான? நான் வீட்டுக்குள்ள நொழஞ்சதுமே பாத்துட்டேன். டேப்பு மேல தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வச்சிருக்கியளே!"

ரெக்ஸ் பீரோவுக்கு மேலே எட்டிப் பார்த்தான். இரண்டு நாள் ஒட்டின இரண்டு டேப். இரண்டிலும், ஹார்பரில் போடுகிற அதே அழகோடு, அவனுடைய கையெழுத்து. கீழே கோடு இழுத்துப் புள்ளிகூட வைத்திருந்தான்.

"அப்போ நாளைக்கி?"

"மரியான் மவனுக்கு வாட்ச் வாங்கியாச்சு. இது ஒங்களுக்குத்தான். கூரியர்காரன்ட்ட பெட்டிய வாங்கிட்டு, மேல உள்ள படத்தயே பாத்துக்கிட்டு நின்னிய. அந்த மொகத்தப் பாத்த பொறவு வேற யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வரல."

ரெக்ஸுக்கு இந்த வீட்டை இன்னொரு தடவைகூடக் கழுவிவிடலாம் என்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

ஈவாவே பெட்டியை இறக்கினாள். பளபளக்கிற தரையில் இருவரும் உட்கார்ந்து நீலக் கட்டைகளைக் கோத்தார்கள்.

"நம்ம பாட்டன்மாரு மூச்சடக்கிக் கடலுக்குள்ள போயி முத்தெடுத்தாவ. நீங்க ஃபேன் காத்துல எடுக்கிய" என்று அவள் சிரித்தாள்.

கடல் தயார். சிப்பிகள் தயார். கடைசியில் கலங்கரை விளக்கம் நிமிர்ந்து நின்றது. ரெக்ஸ் பிப்போவைக் கையில் எடுத்து, பெட்டிக்குள் துழாவினான். கவிழ்த்து உதறினான்.

"ஈவா, பேய்க்கணவாயக் காங்கலையே?"

"அது தண்ணிலதான கெடக்கும்" என்று சொல்லி, ஈவா முதுகுக்குப் பின்னாலிருந்து தேய்க்கிற பிரஷை எடுத்து நீட்டினாள். "மாடித் தொட்டியக் கழுவுங்க, அடியில இருக்கு."