கூடுதல் விலைக்கு ஒரு காரணம்

கடையில் ஒரே பொருள் மூன்று விலையில் இருந்தால், கையைக் கடிக்கிறது என்பவர் மலிவானதை எடுப்பார். விவரம் தெரிந்தவர் நடுவில் இருப்பதை எடுப்பார். கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த வழவழப்பான தாளை வரிவிடாமல் படித்தவன்தான் உச்சியில் இருப்பதைக் கேட்டு அடம்பிடிப்பான். நான் அந்தத் தாளை மனப்பாடமே செய்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் சேர்ந்த புதிது. சுற்றுவட்டாரத்தில் அலைந்து செய்தி சேகரித்து, எழுதிக் கவரில் போட்டு, மதியம் சென்னை பஸ் கிளம்புவதற்குள் கண்டக்டர் கையில் சேர்க்க வேண்டும். வீட்டில் இருந்தது நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பழைய சைக்கிள். அதில் பிரேக் பிடிப்பது தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுப்பதைப் போல. கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் நிற்க வேண்டுமானால் ரேஷன் கடையிலேயே இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துவிடுவோம். வருஷக்கணக்கில் அப்படியே பிடித்து என் விரல்களுக்கு அதுதான் பிரேக் என்று ஆகியிருந்தது.

புது சைக்கிள் வாங்கலாம் என்று நைனா ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். அவர் தறிக்காரர். எதையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கடைக்குப் போய் மூன்று சைக்கிளையும் தடவிப் பார்த்தார். முதலாவது சாதா கறுப்பு. இரண்டாவது பார்வைக்கு மலை சைக்கிள், உள்ளுக்குள் சாதா. மூன்றாவது, நான் கேட்டது: கியர், தடித்த டயர், புது மாதிரி பிரேக், ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற உடம்பு.

"இதுக்கும் நடுவுல இருக்குறதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்று நைனா கடைக்காரரைக் கேட்டார்.

"இதுல இருபத்தொரு கியர் இருக்குதுங்க."

"எதுக்கு?"

"மலை ஏறலாம்."

நைனா வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். காஞ்சிபுரத்தில் தரையை விட்டு எழும்பி நிற்பவை கோபுரங்கள் மட்டும்தான். அவற்றில் சைக்கிள் விட அனுமதி கிடையாது.

"எந்த மலைங்க?" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "செய்தின்னா எங்க வேணா போவணும் நைனா. பாலாத்து மணல்லகூட எறங்கணும்."

"செவிலிமேட்டுல பாலம் கட்டி வச்சிருக்குறாங்களே, அது யாருக்குப்பா?"

பிரேக்கைப் பற்றி, எடையைப் பற்றி, டயரின் பல்லைப் பற்றி நான் ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் ஒரு புடவைக்கு வெலய கூட்டிச் சொன்னா, ஏன்னு கேக்குறவங்களுக்கு முந்தானைய விரிச்சுக் காட்டுவேன். இந்த சைக்கிள் இன்னாத்த விரிச்சுக் காட்டும்? கூட கேக்குற காசுக்கு இன்னொரு சைக்கிளே வந்துடும்."

எங்கள் இருவரையும் எப்படியாவது கடையை விட்டு வெளியே அனுப்பினால் போதும் என்ற நிலைக்குக் கடைக்காரர் வந்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவரலாம், நடு சைக்கிளைக் கொடுத்து மீதியைத் தந்துவிடுகிறேன் என்றார். நைனா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். நடு சைக்கிள் செய்யாத ஏதாவது ஒரு காரியத்தை இது செய்வதாக வெள்ளிக்கிழமைக்குள் நான் காட்ட வேண்டும். ஒன்றே ஒன்று போதும். காட்டாவிட்டால் உச்சியிலிருந்து நடுவுக்கு இறங்க வேண்டும்.

எனக்கு அது பெரிய சலுகையாகத் தெரிந்தது. (இருபத்தொரு கியரில் ஒன்றுகூடவா உதவாது என்று நினைத்தேன்.)

முதல் நாளே ஒரு விஷயம் புரிந்தது. உச்ச விலை சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. ஸ்டாண்டு கிடையாது. மட்கார்டு கிடையாது, மணி கிடையாது. எடை கூடிவிடுமாம். ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த என் அக்கா சாந்தி, ஷேர் ஆட்டோவுக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் காசு குடுத்திருந்தா சக்கரமும் இல்லாம குடுத்திருப்பாங்க போல," என்றாள்.

ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை எதிலாவது சாய்த்து வைக்க வேண்டும். சாய்த்து வைத்த சைக்கிளில் கியர் திருகும் பிடி இருந்தால், அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு ஆண்மகனும் அதைத் திருகிப் பார்க்க வேண்டும் என்று இந்த ஊரில் எழுதாத சட்டம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் திருகினார். டிராபிக் போலீஸ்காரர் திருகினார். புடவைக் கடைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த தரகர், பிடித்த ஆளை நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்து திருகினார். நான் திரும்பி வந்து ஏறி மிதித்தால் சங்கிலி எந்தப் பல்லில் போவது என்று தெரியாமல் பெருங்குரலெடுத்து அழும், பிறகு கழன்று தொங்கும். தினமும் கை நிறையக் கறுப்பு எண்ணெயோடுதான் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்தேன். என் செய்திகள் சென்னைக்குக் கைரேகையோடு போயின.

நடுவில் ஒரு நாள் மழை. மட்கார்டு இல்லாததால் பின் சக்கரம் அள்ளிய சேறு என் வெள்ளைச் சட்டையின் முதுகில், இடுப்பிலிருந்து பிடரி வரை, செங்குத்தாக ஒரே கோடாக ஏறியிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் பேட்டிக்குப் போன வீட்டில், பெரியவர் ஒருவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாமத்துக்குப் பாதமும் காணோம், வளைவும் காணோம். வடகலையா தென்கலையான்னு சொல்ல முடியலையே," என்றார்.

நைனா கேட்டதெல்லாம் ஒன்றுதான். ராத்திரி சாப்பாட்டின்போது, "இன்னிக்கு ஏதாவது மலை வந்துச்சா?" என்பதோடு சரி.

புதன்கிழமைக்குள் எனக்கு வெறியே வந்துவிட்டது. "நாளைக்குக் காலைல கூரம் கிராமம் வரைக்கும் போய்ட்டு, ஏழு மணிக்கெல்லாம் திரும்பி வந்து வாசல்ல நிப்பேன். நடு சைக்கிள்ல அது நடக்காது," என்றேன்.

"வாசல்ல நில்லு, பாக்கலாம்," என்றார் நைனா.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். காலையில் எதிர்வீட்டு தேவராஜ் மாமாவின் பாவு என்று சொன்னாளாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை. (ஊர்ச் செய்தியெல்லாம் சேகரிப்பவன்.)

எங்கள் தெருவில் பாவு என்றால் தெரு மூடப்பட்டது என்று பொருள். புடவையின் நீளவாட்டில் ஓட வேண்டிய பட்டு இழைகளைத்தான் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன் அதை விடியற்காலையில் ஆறேழு வீட்டு நீளத்துக்குத் தெருவில் இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, பிறகு சுருட்டுவார்கள். தெருவே கூடி நின்று செய்கிற வேலை. அந்த நேரத்தில் குப்பை லாரி வந்தால்கூட சத்தம் போடாமல் பின்னால் போய்விடும்.

வியாழக்கிழமை இருட்டோடு கிளம்பிக் கூரத்துக்குப் போனது, உள்ளதைச் சொன்னால், அருமையாக இருந்தது. திரும்பும்போது எதிர்க்காற்று. கியரைத் தட்டினேன், அந்த வாரத்தில் முதல்முறையாக அது நான் சொன்னதைக் கேட்டது. ஷேர் ஆட்டோ ஒன்றை முந்தினேன். ஏழு மணிக்கு நிறைய நேரம் இருந்தது. நைனாவின் முகம் எப்படி மாறும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே எங்கள் தெருவில் போய் முட்டும் சந்துக்குள் வேகம் குறையாமல் திரும்பினேன்.

சந்தின் முடிவில், குறுக்கே, அரக்கு நிறத்தில் மூன்று புடவைக்கான பாவு பளபளத்துக்கொண்டிருந்தது. அதன் இரு பக்கமும் தெரு ஜனம் மொத்தமும். நடுவில் நைனா, கையில் கஞ்சிச் செம்போடு.

என் விரல்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன. ரேஷன் கடையிலிருந்து வாசல் வரைக்குமான மொத்த பலத்தையும் திரட்டி இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் இறுக்கின.

சைக்கிள் நின்றது. தாளில் அச்சடித்திருந்தபடியே, நின்ற இடத்தில் நின்றது. எனக்குத்தான் அப்படி ஒரு வசதி இல்லை. ஹேண்டில்பாருக்கு மேலே எழும்பி, தெருவில் அத்தனை பேர் முகத்தையும் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே போய் பாவின் மேல் மல்லாந்து விழுந்தேன்.

பட்டு இழை லேசில் அறாது. ஒரு நொடி தூளியில் போட்ட குழந்தையைப் போல என்னைத் தாங்கியது. பிறகு ஒரு பக்கத்துக் கயிறு நழுவி, இழைகளுக்கு நடுவே செருகியிருந்த குறுக்குக் கம்புகள் சரிந்து, ஈரக் கஞ்சியோடு நான் தெருவில் கிடந்தேன். முகமெல்லாம் கம்பு கிழித்த கீறல். எழப் பார்த்தேன்.

"ஆடாத," என்றார் தேவராஜ் மாமா.

"மாமா, முட்டி..."

"முட்டி அப்பால. மொதல்ல இழ. நீ அசஞ்சா இன்னும் நூறு போயிடும். அப்பிடியே கெட."

கிடந்தேன். நாலைந்து பேர் குனிந்து என் சட்டைப் பித்தானிலிருந்தும், கைக்கடிகாரத்திலிருந்தும், காதிலிருந்தும் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவர்கள் எடுக்க எடுக்க, எனக்கு மேலே ஆகாயத்தில் ஒரு விவாதம் தொடங்கியது. அதில் என் முட்டி இடம்பெறவில்லை.

"சைக்கிள் எங்கபா?"

"தோ, பாவுக்கு ஒரு சாண் முன்னாடி கெடக்குது."

"இழை மேல படவே இல்லியா?"

"படல. நல்ல பிரேக்கு."

தேவராஜ் மாமா என் காதிலிருந்து ஓர் இழையை உருவியபடியே நைனாவைப் பார்த்தார். "இதுவே நடு சைக்கிளா இருந்தா இன்னா ஆயிருக்கும், யோசிச்சுப் பாரு. சைக்கிளும் இவன்கூட சேந்து உள்ள வந்திருக்கும்."

"வந்திருக்கும்," என்றார் நைனா.

"சங்கிலி எண்ணெய் பட்டுல பட்டா?" என்று மாமாவே கேட்டார்.

அறுந்த இழையை முடிந்துவிடலாம். கறுப்பு எண்ணெய் பட்ட பட்டை எதுவும் செய்ய முடியாது. மூன்று புடவையும் போயிருக்கும். அந்த நினைப்பிலேயே யாரோ ஒரு பெண்மணி உச்சுக் கொட்டினார்.

"அப்ப கூட குடுத்த காசு தண்டமில்ல," என்றார் தேவராஜ் மாமா.

நைனா கஞ்சிச் செம்பைக் கீழே வைத்தார். சைக்கிளிடம் போனார். பிரேக்கை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார், அதன் ரப்பர் கட்டையை விரலால் தடவினார். ஒரு வாரமாக நான் நாயாய் அலைந்து தேடிய காரணம் அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. என் தாடையில் இன்னும் இழை இருந்தது.

அன்று மதியம் வரை தேவராஜ் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முடிய முடிய அறுந்த நுனிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். என் கவர் இல்லாமலே சென்னை பஸ் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை நைனா என்னையும் சைக்கிளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் எங்களைக் கண்டதும் நடு சைக்கிளை வெளியே இழுக்க ஆரம்பித்தார்.

"அத்த உள்ளயே வைங்க," என்றார் நைனா. "சைக்கிள் மேல ஒரு கொறையும் இல்ல. கேட்ட காசு தகும்." பிறகு என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார். "இவனத்தான் மாத்தணும்."

கடைக்காரர் என் முகத்தை இடமும் வலமுமாகப் பார்த்தார். அவர் சிரிக்கவே இல்லை.

"கீறல் விழுந்த சரக்கை நாங்க எடுக்கறது இல்லீங்க," என்றார்.

கேரியரும் ஸ்டாண்டும் மட்கார்டும் அங்கேயே மாட்டினார்கள். மணி ஒன்றுக்கு இரண்டாக. மாட்டி முடித்ததும் அந்த சைக்கிள் அக்காவுக்கு என்று நைனா தீர்ப்புச் சொன்னார். அவள் கல்யாணமாகிப் போகும்வரை அதில்தான் ஐயம்பேட்டைக்குப் போய்வந்தாள். ஒரு தடவைகூட விழவில்லை. நான் பழைய சைக்கிளில், ரேஷன் கடையிலிருந்தே பிரேக் பிடித்துக்கொண்டு, இன்னும் நாலு வருஷம் செய்தி சேகரித்தேன்.

என் கல்யாணத்தன்று, தாலி கட்டி முடித்த கையோடு, தேவராஜ் மாமா என் மாமனாரை ஓரமாக அழைத்து, "நல்லா பாத்துக்கோங்க. இனிமே மாத்திக் குடுக்க மாட்டோம்," என்றார். புரியாமல் விழித்த மணப்பெண்ணுக்கு அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் முழுக் கதையையும் சொல்லிவிட்டார்கள்.

இப்போதும் வீட்டில் எனக்கும் அவளுக்கும் ஏதாவது வாக்குவாதம் என்றால், அவள் என்னிடம் மேற்கொண்டு பேசுவதில்லை. நேராக நைனாவிடம் போய், "மாமா, அந்த சைக்கிள் கடை இன்னும் இருக்குதா?" என்று கேட்பாள்.

நைனா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வார்: "இருக்குதுமா. ஆனா கீறல் விழுந்ததையே எடுக்காதவன், துருப் புடிச்சதையா எடுப்பான்?"