விரிசலுக்கு வைத்தியம்

சுவரில் விரிசலைப் பார்த்ததும் பல் டாக்டருக்கு வாய் உலர்ந்துபோனது. அவர் வாங்கிய பழைய வீட்டில் இடித்தது போக மிச்சம் நின்ற ஒரே சுவர் அது. பக்கத்து வீட்டுக்கும் அதுதான் சுவர். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவரை எழுப்பிவிட்டு, கட்டிய புண்ணியவான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான்.

"காலையில இது இல்லையே மேஸ்திரி?"

"இப்பதான் விட்டுச்சு டாக்டர். இந்தப் பக்கம் நாம இடிச்சதுல பிடிமானம் போயிடுச்சு. பாத்துக்கலாம்."

வீடே தலையில் விழுந்தாலும் 'பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டுத்தான் மேஸ்திரி நசுங்குவார். டாக்டர் அந்த ரகம் இல்லை. நாற்காலியில் வாயைத் திறந்தவர்களிடம் "ஆட்டம் கண்டதை எதுக்கு வச்சிருக்கீங்க, பிடுங்கிடலாம்" என்று தைரியம் சொல்கிறவர், வெளியே வந்தால் தொட்டதற்கெல்லாம் பயப்படுவார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். டாக்டர் பத்திரம் பதிந்த கையோடு அவர் குடும்பத்தோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து விரிசலைப் பார்த்தால் வேலையை நிறுத்தச் சொல்வார். வேலை நின்றால் டாக்டர் மனைவியின் சமையலறையும் நின்றுபோகும்.

ஒருவர் அடுப்படியில் இருந்தால் இன்னொருவர் வாசலிலேயே நிற்க வேண்டிய வாடகை வீடுகளில் காலம் தள்ளியவள் அவள். புது வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்தச் சுவரை ஒட்டி, கையைக் காலை நீட்டிப் புழங்குகிற மாதிரி ஒரு சமையலறை.

"அவர் வர்றதுக்குள்ள அடைச்சிடணும்," என்றார் டாக்டர்.

"மேலாக்கப் பூசிடறேன்."

"மேலாக்கப் பூசினா நிக்காது மேஸ்திரி. சொத்தையை நல்லாச் சுரண்டிட்டுத்தான் அடைக்கணும்."

மேஸ்திரி சுரண்டினார். டாக்டர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். திடீரென்று நாலு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தன. ஓட்டை வழியே தலைமையாசிரியரின் கூடம் தெரிந்தது. டாக்டர் அதில் எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒரு சாமான்கூட இல்லையே மேஸ்திரி?"

"வெள்ளையடிக்கக் காலி பண்ணியிருப்பாங்க. இன்னிக்கோ நாளைக்கோ ஆள் வந்துடும் டாக்டர்."

அந்தச் சமாதானத்தில் டாக்டருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போனது. ஓட்டையைப் புதுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். புதுச் செங்கலின் பாரத்தில் பழைய சுவர் வயிறு தள்ளியது. தள்ளிய வயிற்றுக்கு மரத்தை முட்டுக் கொடுத்தார்கள். முட்டு தள்ளியதில் சுவர் அந்தப் பக்கம் சாய்ந்து, தலைமையாசிரியரின் கூரையிலிருந்து ஓடுகள் சரிந்தன.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியரே போன் செய்தார்.

"டாக்டர், இடிக்கிற வேலையெல்லாம் முடிஞ்சுதா? நம்ம வீடு எப்படி இருக்கு?"

"உங்க வீட்டுக்கு என்ன சார். கல்லு மாதிரி இருக்கு."



"கல்லு மாதிரியா?" என்றார் தலைமையாசிரியர், சுரத்தே இல்லாமல். "ஒரு கீறல்கூட விழலையா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்படியா… சரி, நான் ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

டாக்டர் போனை வைத்தார். மனுஷனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கீறலைப் பற்றி அவரே கேட்கிறார் என்றால் யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

அதன்பிறகு டாக்டர் கணக்குப் பார்க்கவில்லை. தன் அஸ்திவாரத்துக்கு வாங்கிவைத்த கம்பியும் சிமெண்டும் அந்தச் சுவருக்குப் போயின. சுவரை ஒட்டி வரிசையாகக் கான்கிரீட் தூண்கள் எழும்பின. தூண்களின்மேல் இரும்பு உத்தரம் ஏறியது. பின்பக்கப் பூட்டைத் திறந்து உள்ளே போய் அந்தப் பக்கமும் தூண் எழுப்பி, சரிந்த கூரை ஓடுகளை மாற்றி, அழகாகப் பூசியும் விட்டார்கள். பூட்டைத் திறந்தபோது டாக்டர் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

சனிக்கிழமை மனைவி மனையைப் பார்க்க வந்தாள். தூண்களுக்கு நடுவே போய் நின்றாள்.

"என் சமையலறை எங்கங்க?"

"நீ நிக்கிறது அதுலதான்."

அவள் திரும்ப முயன்றாள். முழங்கை தூணில் இடித்தது.

"நம்ம வீட்டைக் கட்டுறதை விட்டுட்டு அவர் வீட்டைக் கட்டிக் கொடுத்திருக்கீங்க," என்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் வந்தார். பின்னாலேயே கித்தான் பையோடு ஓர் ஆள். வெள்ளையடிக்கிறவர் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: விரிசல், ஓட்டை, முட்டு, பூட்டு, பொய்ச் சத்தியம்.

"தப்புதான் சார். ஆனா இனிமே உங்க வீட்டை ஒண்ணும் பண்ண முடியாது. யானை வந்து முட்டினாலும் அசையாது."

தலைமையாசிரியர் தூணைத் தடவிப் பார்த்தார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அப்படியே மிச்சச் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பேச்சு வரவில்லை என்று டாக்டருக்கு உயிர் வந்தது.

பின்னால் நின்ற ஆள் கித்தான் பையைக் கீழே இறக்கினார். உள்ளே சம்மட்டிகள் கணீரென்று மோதிக்கொண்டன. அவர் தூண்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

"என்ன சார், 'பொதுச்சுவரைத் தொட்டா பக்கத்து வீடு விழுந்துடும்னுதான் இத்தனை வருஷம் பொறுத்தேன், இப்ப அவங்களே இடிச்சுட்டாங்க, நம்ம வீட்டையும் இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாம், ரெண்டு தட்டுல விழுந்துடும்'னுதானே சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"