நான் வாங்கிய ஒரே சிவப்பு அட்டை

பதினான்கு வருடம் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன் நான். அத்தனை வருடத்தில் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை. ஆட்டத்தை விட்டுக் கோச் ஆன பிறகு முதல் டோர்னமெண்டிலேயே வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்பதை இதுவரை வெளியூர்க்காரர்கள் யாரிடமும் சொன்னதில்லை. (உள்ளூரில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.)

நான் லெஃப்ட் பேக். கல்கத்தாவில் ஆறு வருடம், கோவாவில் எட்டு வருடம் ஆடினேன். வில்லியனூர் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து யாரும் அவ்வளவு தூரம் வந்து பார்த்ததில்லை. டிவியிலும் கோல் போட்டவனைத்தான் காட்டுவார்களே தவிர, கோல் விழாமல் தடுத்தவனுக்கு அங்கே வேலையில்லை. அதனால் ஊரில் என்னைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) நான் லீவில் வரும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"ஏம்பா அருளு, நீ நெசமாவே ஆடுறியா, இல்ல தண்ணி பாட்டில் தூக்கினு போறியா?"

வலது முட்டி போனதும் ஊரோடு வந்துவிட்டேன். பரீட்சை எழுதிக் கோச் லைசென்ஸ் வாங்கி, கரும்புக் கொல்லையை ஒட்டிய கொம்யூன் பஞ்சாயத்து மைதானத்தில் பதினைந்து பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஒரு டீம் ஆரம்பித்தேன். என் மகள் ரீனாதான் ஃபார்வர்டு. அவள் அடிக்கும் பந்தில் ஒரு விசேஷம் உண்டு. தரையோடு நேராகப் போகும். கோல் கம்பத்துக்கு இரண்டடி இருக்கும்போது சட்டென்று உள்பக்கம் வளையும். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கே வராது.

"எப்பிடிம்மா அடிக்கிற?"

"தெரிலப்பா. அதுவா போவுது."

இந்தப் பதில் என் மண்டையைக் குடைந்தது. பந்து எங்கே போகும் என்று பார்த்துப் பார்த்தே பிழைத்தவன் நான். சொந்த வீட்டுப் பந்து ஏன் வளைகிறது என்று தெரியாமல் எப்படி இருப்பது? பக்கத்தில் நின்று பார்த்தேன், பின்னால் நின்று பார்த்தேன், செல்போனில் படம்கூடப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த டோர்னமெண்டில் எங்கள் செமி ஃபைனல் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. ஜெயித்தால் டவுனில் பெரிய மைதானத்தில் ஃபைனல். அங்கே புல் தரை. கல்லிலும் நெருஞ்சி முள்ளிலும் ஆடிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. புல்லில் விழுந்தால் முட்டி பேராதாமே என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோச் என்பவன் பெஞ்சுப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ரெஃபரி இரண்டு தரம் சொல்லியும் விட்டார். ஆனால் எனக்குத் திடீரென்று ஒரு யோசனை. ரீனாவின் பந்தை எதிரில் நின்று, அதாவது கோல் பக்கத்திலிருந்து, நான் பார்த்ததே இல்லையே? ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவன் மாதிரி மெதுவாக நடந்து, எதிர் டீம் கோல் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டேன். அன்றைக்கு வலையும் கட்டவில்லை.

ரீனா அடித்தாள். கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தாள். பந்து அவளைத் தாண்டி வந்தது. பின்னால் கோல் காலி.

இதைத்தானே பதினான்கு வருடமாகப் பார்த்தேன். மூளைக்குத் தகவல் போவதற்குள் என் இடது கால் போய்விட்டது. (முட்டி போனது வலது காலில். இடது கால் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.) சுத்தமான உதை. பந்து நடு மைதானத்தைத் தாண்டி விழுந்தது. அதோடு விட்டேனா? கையைத் தூக்கி, "மேல ஏறு, மேல ஏறு" என்று கத்தினேன். எதிர் டீமில் பின்னால் நின்று தடுக்கிற பிள்ளைகள் நாலு பேரும் மேலே ஏறினார்கள்.

கீழே கிடந்த கோல்கீப்பர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

ரெஃபரி நடந்தே வந்தார்.

"சார், நீங்க எந்த டீம் கோச்சு?"

"அவங்களுது," என்று எங்கள் பிள்ளைகளைக் காட்டினேன்.

"அப்பறம் இன்னா சார் பண்ணீங்க?"

"பழக்கம் சார்."

அவர் மனசே இல்லாமல் சிவப்பு அட்டையை எடுத்தார். எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். நான் வெளியே போய்க் கரும்பு ஓரம் நின்றேன். பெனால்டியில் தோற்றோம். சொல்தா என்னைத் தேடி வந்து தோளில் கை வைத்தார்.

"தப்பா நெனைக்காத அருளு. நீ நெசமாவே ஆடிக்கிறப்பா. இன்னிக்கிதான் பாத்தேன்."

ரீனா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆட்டத்தில் தோற்பது எனக்குப் புதிதல்ல. பிள்ளைகள் ஆசைப்பட்டதை நானே உதைத்துத் தள்ளியதைத்தான் தாங்க முடியவில்லை. என் மனைவி ஸ்டெல்லா மட்டும் பேசினாள். "ரீனா, உங்கப்பா தட்ட அந்தாண்ட தள்ளி வையி. கிட்ட வச்சா ஒதச்சிடுவாரு."

நாலாம் நாள் காலை யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் மைதானத்துக்குப் போனேன். பதினைந்து பேரும் இருந்தார்கள். பெஞ்சுக்கு முன்னால் சுண்ணாம்புத்தூளில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

"இதுக்குள்ள நில்லு," என்றாள் ரீனா. "பந்து மூஞ்சிக்கு நேரா வந்தாலும் வெளிய வராத."

அடுத்த வருடம் அந்த மாதிரி ஒரு வட்டத்துக்குள் நின்றுதான் அவர்களைப் புல் தரை வரைக்கும் கொண்டு போனேன். இன்றைக்கும் கோடு போடுகிறபோது முதலில் என் வட்டத்தைத்தான் போடுகிறார்கள்.

என் தரப்பு நியாயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பந்து வளைவதற்கு முன்பே நான் உதைத்துவிட்டேன். ஆகவே அது கோலுக்குள்தான் போயிருக்கும் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. வீட்டில் இதை ஒருவரும் ஏற்றுக்கொள்வதில்லை.

ரீனா இப்போது சென்னையில் காலேஜ் டீமுக்கு ஆடுகிறாள். கோல் போட்டால் அன்று சாயந்திரமே போன் வரும்.

"அப்பா, இன்னிக்கி ஒரு கோலு."

"கடைசில வளைஞ்சிதாம்மா?"

"வளைஞ்சிது. நீதான் பக்கத்துல இல்லியே."