ஒரு விளக்குகூட எரியவில்லை, அக்கா

சவாயித் தீவு
திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

ஆக்லாந்தில் குடியிருக்கும் மேன்மைமிகு அக்கா பெனினாவின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் உன் ஒரே தம்பியுமாகிய இயோசுவா பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் வீட்டுக்காரி சியெனியும் சுகம். பன்றிகள் ஏழும் சுகம். எட்டாவது போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனது, திரும்பவில்லை. சீமைப்பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா? மூன்று மாதம் முன்பு நீ கப்பலில் ஏற்றி அனுப்பிய ஜப்பான் காரும் பரம சுகம். அதை மட்டும் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நம்பு.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. காகிதத்திடம் உன் குறுக்குப் பேச்சு செல்லாது. நாளைக்குப் பாதிரியாரின் மனைவி ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ இங்கே வரக் கிளம்புவதற்குள் வந்து சேர்ந்துவிடும். நம் சித்தப்பா மகன் லஃபாயெலே எனக்கு முந்திக்கொண்டு உன்னிடம் வத்தி வைத்துவிட்டான் என்பது தெரியும். காரின் முன்பலகை எச்சரிக்கை விளக்குகளால் கிறிஸ்துமஸ் கோயில் மாதிரி ஜொலிக்கிறது என்றானாம். அதைக் கேட்டுவிட்டு நீ எனக்குப் போன் போட்டுச் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: "இயோசுவா, சனிக்கிழமை நான் கப்பல்லேர்ந்து இறங்கறப்போ அந்த வண்டியில ஒரே ஒரு விளக்கு எரிஞ்சாலும் சாவி லஃபாயெலே கைக்குப் போயிடும், சொல்லிட்டேன்." அக்காள் வாக்கு தம்பிக்குச் சட்டம், அது நம் ஊர் முறை, நான் மீறமாட்டேன். ஆனால் லஃபாயெலேயிடம் ஏற்கெனவே ஒரு பிக்கப்பும் ஒரு மோட்டார் படகும் இருக்கின்றன. எனக்கு இந்தக் கார் ஒன்றுதான் அக்கா. அறுபத்து மூன்று வயதுவரை பஸ்ஸில் இடமில்லாமல் யாராவது ஒருவர் மடியில் உட்கார்ந்தே பள்ளிக்கூடம் போய் வந்தவன் நான். எனக்கென்று ஒரு இருக்கை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது.

முதலில் பழைய பேட்டரி செத்த கதை. அதில் என் தப்பு எள்ளளவும் இல்லை. வீட்டில் தினமும் சாயங்காலம் சியெனியின் பாடகர் குழு ஒத்திகை, பதினாறு பெண்கள், அத்தனை பேரும் மேல் ஸ்தாயி. நான் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்து, எஞ்சினைக்கூடத் தொடாமல், பெட்ரோலில் ஒரு சொட்டு செலவழிக்காமல், சாவியைப் பாதி மட்டும் திருப்பி ரேடியோவில் ரக்பி வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள், ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது ரேடியோ முனகிக்கொண்டே அடங்கிவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உயிரை விடுகிற பேட்டரியை என்னவென்று சொல்வது? ஜப்பான்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்து, அதைக் கழற்றி லஃபாயெலேயிடம் தூக்கிப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

சலெலொலொங்கா துறைமுகத்துக் கடையில் ஒரே ஒரு பேட்டரிதான் இருந்தது. வாங்கி வந்து வைத்தால், அதன் முனைகள் இரண்டும் பென்சில் தடிமன், நம் வண்டியின் கவ்விகளோ பெரியவை, மாமனார் சட்டையை மாப்பிள்ளை போட்ட மாதிரி தொளதொளவென்று சுற்றுகின்றன. மாற்றிக்கொண்டு வர மறுபடி பஸ், மறுபடி ஒருவர் மடி. நான் கணக்கு வாத்தியார், இடைவெளி எவ்வளவோ அவ்வளவை நிரப்பினால் தீர்ந்தது. சமையலறையில் ஒரு மீன் டின்னைத் திறந்து, தகட்டைக் கத்தரித்துப் பட்டையாக்கி, முனையைச் சுற்றிச் செருகி, கவ்வியை இறுக்கிவிட்டேன். மீனை என்ன செய்வதென்று சியெனி கேட்டாள். சாப்பிட்டோம்.

எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. கூடவே முன்பலகையில் ஐந்து விளக்குகள் கிளம்பின. போதாக்குறைக்கு, வண்டிக்குள் குரலாக மட்டும் ஒரு ஜப்பான்காரி இருக்கிறாள் இல்லையா, சாவி போட்டதும் ஏதோ ஒரு வரி மெதுவாகச் சொல்வாளே, அவள் பேட்டரி மாற்றியதும் பழசையெல்லாம் மறந்து தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தாள். ஜப்பான் மீன்பிடிக் கப்பலில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பக்கத்து வீட்டு தோமாசியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்த ஜப்பான் மொழி மீன் பெயர்களும் கெட்ட வார்த்தைகளும்தான். இருந்தாலும் மூன்று முறை கேட்டுவிட்டு, வண்டியில் ஏதோ அட்டை செருகவில்லை என்கிறாள் என்றான். எந்த அட்டை, எங்கே செருகுவது? கையுறைப் பெட்டி, மிதியடி, இருக்கைக்கு அடி என்று ஒரு பொழுது முழுக்கக் கையை விட்டுத் துழாவினேன். என் ஓய்வூதிய அட்டையைக் காட்டினேன், சியெனி ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினாள், கடைசியில் பாதிரியார் கொடுத்த இயேசுநாதர் படம் போட்ட அட்டையைக் கண்ணாடியோரம் செருகிவைத்தோம். யாருக்கும் அவள் மசியவில்லை.

விளக்குகளுக்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். ஒரு சிவப்பு விளக்கில் ஓர் ஆள் முன்னால் பெரிய உருண்டையோடு உட்கார்ந்திருக்கிறான். அது பிள்ளைத்தாய்ச்சி என்று சியெனி அடித்துச் சொல்லி, வீட்டில் ஏதோ விசேஷம் வரப்போகிறது என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றில் ஒரு வண்டி, பின்னால் கோணல் மாணலாக இரண்டு கோடுகள். பாதிரியார் எட்டிப் பார்த்துவிட்டு, குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு வண்டியே சாட்சி சொல்கிறது என்றார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலும் என்னைப் பார்த்தபடியே அதைச் சொன்னார். லஃபாயெலே தினம் ஒரு தடவை வந்து கண்ணாடி வழியாக விளக்குகளை எண்ணிவிட்டுப் போனான். "அண்ணே, நேத்து அஞ்சு, இன்னிக்கு ஆறு. என் ராசி ஆறு."

புதன்கிழமை நடந்ததுதான் கொடுமை. மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியாயிற்று. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு அடங்கிவிட்டது, தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. நம் பெரிய பன்றி போய் வண்டியின் முன்பக்கத்தில் முதுகைச் சொறிந்துகொண்டது. மீன் தகடு நகர்ந்து மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும், திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து வண்டி ஊளையிடத் தொடங்கியது. ஜெபம் முடியும்வரை வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது, உள்ளே இருந்தபடியே நிறுத்தவும் முடியாது. பதினைந்து நிமிஷம் அக்கா. கர்த்தரின் ஜெபத்தைக் காரும் நாங்களும் சேர்ந்தே சொல்லி முடித்தோம். மறுநாள் ஊர்ச்சபை கூடி எனக்கு விதித்த அபராதம் என்ன தெரியுமா, இரண்டு பெட்டி மீன் டின். பன்றியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம்தான் மானத்தை விட்டுவிட்டு ஃபியாவுக்கு ஆளனுப்பினேன். துறைமுகத்தில் பஸ்களைப் பழுது பார்க்கிறாளே, அந்தப் பெண். என்னிடம் ஐந்தாம் வகுப்பில் பெருக்கல் படித்தவள். வந்ததும் விளக்குகளைப் பார்க்கவே இல்லை, மூடியைத் திறந்து கவ்வியை இரண்டு விரலால் ஆட்டினாள். அது தாராளமாக ஆடியது.

"சார், இது என்ன?"

"மீன் டின்."

"அது தெரியுது சார். இங்க என்ன பண்ணுது?"

விளக்கினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மீன் டின்னுக்குள் வார்னிஷ் பூசியிருப்பார்களாம், அது மின்சாரத்தை விடாதாம். கீறல் பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒழுகும், வண்டி குலுங்கினால் அதுவும் போய்விடும். "ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு வியாதி இல்ல சார். வியாதி ஒண்ணுதான், ஆறு பேர் அழறாங்க" என்றாள். தகட்டை வீசிவிட்டு முனைகளைச் சுரண்டி, ஈய வளையம் போட்டு இறுக்கினாள். ஸ்டீயரிங்கை இடது கோடிவரை ஒரு தடவை, வலது கோடிவரை ஒரு தடவை திருப்பி, கோயில்வரை நேராக ஓட்டச் சொன்னாள்; குடிகார விளக்கு அணைந்தது, கூடவே இன்னும் நான்கு. பிள்ளைத்தாய்ச்சி மட்டும் போகவில்லை. அது ஏர்பேக் என்கிற காற்றுப்பையின் விளக்காம். பேட்டரி வயரைக் கழற்றிவைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து இருக்கைக்கு அடியில் பார்த்தால், மஞ்சள் நிறப் பிளக் ஒன்று கழன்று கிடந்தது. அட்டைக்காக நான் துழாவினபோது பிடுங்கி வந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். அந்த அட்டையோ ஜப்பானில் சாலைச் சுங்கம் கட்டுவதற்காம், இங்கே வேண்டவே வேண்டாமாம். அதை மாட்டி, எல்லாவற்றையும் பழையபடி இணைத்து, கையோடு கொண்டுவந்த ஒரு கருவியை வண்டியில் செருகி அந்த விளக்கையும் அழித்தாள். போகும்போது, "எஞ்சின் ஓடாதப்போ ரேடியோ போடாதீங்க சார், பேட்டரி படுத்துடும்" என்றாள். இவளுக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறு. சரி சரி என்று அனுப்பிவைத்தேன்.

இப்போது கேள். நீ நம்ப வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நல்ல மழை, இருட்டிக்கொண்டு வருகிறது, அதனால் கூரை விளக்கைப் போட்டிருக்கிறேன். சாவி பாதி திருப்பியிருக்கிறது. ரேடியோவில் பாட்டு, என் போனும் சியெனியின் போனும் சார்ஜில். கணக்குப்படி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, என் கண் முன்பலகையை விட்டு நகரவில்லை. ஒரு விளக்கு, ஒரே ஒரு விளக்குகூட எரியவில்லை அக்கா. சனிக்கிழமை துறைமுகத்துக்கு நானே ஓட்டி வருகிறேன், நீ முன்னிருக்கையில் உட்காரலாம், யார் மடியும் வேண்டாம்.

உன் விமானத்தையும் கப்பலையும் முழங்காலையும் கர்த்தர் ஒருசேரக் காக்கட்டும். மச்சானுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் முத்தங்களும் சொல்லு. மீன் டின் மட்டும் வாங்கி வராதே.

உன் வாக்கை என்றும் மீறாத தம்பி,
இயோசுவா

பி.கு.: கடிதத்தைப் பாதிரியார் வீட்டில் கொடுத்துவரலாம் என்று இப்போதுதான் சாவியை முழுக்கத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜப்பான்காரிகூட வாயைத் திறக்கவில்லை. இதை ஃபியாவிடம் சொல்கிற முகம் எனக்கு இல்லை. லஃபாயெலே வந்து பார்த்து, நான் தூக்கிப் போடச் சொன்ன பழைய பேட்டரியை அவன் ஒருநாள் சார்ஜ் போட்டதாகவும், அன்றிலிருந்து அவன் படகு ஒரே இழுப்பில் கிளம்புவதாகவும் சிரிக்காமல் சொன்னான். சிரிக்காமல் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அக்கா, நீ சொன்னது விளக்கைப் பற்றி மட்டும்தான். வண்டி ஓட வேண்டும் என்று நீ சொல்லவே இல்லை. முன்பலகை கும்மிருட்டாக இருக்கிறது, லஃபாயெலேயே சாட்சி, ஆகவே சாவி என்னிடம்தான். சனிக்கிழமை இருவரும் துறைமுகத்தில் நிற்போம், முன்னால் அவன் பிக்கப், பின்னால் நம் கார். நீ ஏறி உட்கார்ந்து ஊருக்குக் கையசைத்துக்கொண்டே வா. கயிற்றை மட்டும் பார்க்காதே.